கணிப்பொறிக்கு வெளி ஒலிபெருக்கி

கணிப்பொறியின் திரை எவ்வளவு தெளிவாக இருப்பினும், அதனின்று வரும் குரல் நான்கடிக்கு அப்பால் கேளாவிடில், கூடியிருப்போருள் பாதிப் பேருக்குப் பாடம் நடவாதது போலவே ஆகும். உழவர் வீட்டுத் திண்ணையில் மடிக் கணிப்பொறியை வைத்துப் பூச்சி மருந்து தெளிக்கும் முறையைப் பற்றிய படத்தைக் காட்டும் விரிவாக்க ஊழியர் இதனை நன்கு அறிவார். முன் வரிசையில் அமர்ந்திருப்பவர், ஒரு லிட்டர் நீருக்கு எத்தனை மில்லி மருந்து என்பதைத் தாமே கேட்டுக் கொள்கிறார். பின் வரிசையில் நிற்பவர் பக்கத்தில் இருப்பவரை விசாரிக்கிறார். அவர் சொல்வது சரியாயினும் தவறாயினும், அதுவே மறுநாள் வயலில் தெளிக்கப்படுகிறது. பள்ளிப் பாடத்தை வீட்டில் கணிப்பொறி வழியே கேட்கும் குழந்தைகளின் நிலையும் இதனின்று அதிகம் வேறுபட்டதன்று. ஒரே கணிப்பொறியைச் சுற்றி அண்டை வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து விட்டால், ஓரத்தில் உட்கார்ந்த சிறுவனுக்குப் படம் மட்டுமே மிஞ்சுகிறது.

கூட்டமாக அமர்ந்து கேட்கும் வழக்கம் இந்நாட்டிற்குப் புதிதன்று. 1956-ஆம் ஆண்டில் பூனாவை மையமாகக் கொண்டு அகில இந்திய வானொலி நடத்திய கிராம வானொலி மன்றப் பரிசோதனையிலும், 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை முடிய ஆறு ராஜ்யங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக் கோள் வழியே கல்வி ஒளிபரப்பு நிகழ்ந்த போதும், ஒரு பெட்டியின் முன் ஊரார் பலரும் அமர்ந்தே கேட்டனர். அன்று அப்பெட்டிகள் கூட்டத்திற்கென்றே அமைக்கப்பட்டவை. இன்றைய வீட்டுக் கணிப்பொறியோ ஒருவர் எதிரில் அமர்ந்து பயன்படுத்துவதற்கென அமைந்தது. அதனைப் பலர் கேட்கும் கருவியாக மாற்ற வேண்டுமாயின் வெளியிலிருந்து ஒலிபெருக்கி இணைப்பது தவிர்க்க முடியாததாகிறது. இது பெரிய வித்தையன்று. ஆயினும் காரணம் அறிந்து செய்வதற்கும், கடைக்காரர் சொன்னபடி செய்வதற்கும் வேற்றுமை உண்டு.

ஆதியில் கணிப்பொறிக்குக் குரல் இருந்தது என்றே சொல்ல இயலாது. 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணிப்பொறியினுள் ஒரு சிறு ஒலிபெருக்கி இருந்தது. கீச்சென்று எச்சரிக்கை தருவதே அதன் முதன்மையான வேலை. இசையையும் பேச்சையும் எழுப்ப வல்ல தனி அட்டைகள் பின்னரே வந்தன. 1989-இல் சிங்கப்பூரைச் சேர்ந்த கிரியேட்டிவ் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டை அவற்றுள் பெயர் பெற்றது. சில ஆண்டுகளுக்குள் அவ்வட்டையின் வேலையைக் கணிப்பொறியின் தாய்ப் பலகையே ஏற்றுக் கொண்டது. அதன் பயனாக, இன்று மேசைக் கணிப்பொறி எதை வாங்கினும் ஒலிபெருக்கிக்குரிய துளை அதன் முதுகில் தயாராக இருக்கிறது. துளை இருக்கிறதே தவிர, ஒலிபெருக்கி பெரும்பாலும் இருப்பதில்லை.

ஒலி பிறக்கும் வகை

ஒலி எழ வேண்டுமாயின் ஏதேனும் ஒரு பொருள் அதிர்ந்து, தன்னைச் சூழ்ந்துள்ள காற்றையும் அதிரச் செய்தல் வேண்டும். ஒலிபெருக்கியில் அவ்வாறு அதிர்வது காகிதத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்த கூம்பு. கூம்பின் அடியில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று ஒட்டப்பட்டு, நிலைக் காந்தம் ஒன்றின் இடுக்கில் தொடாமல் நிற்கிறது. சுருளில் மின்னோட்டம் பாய்ந்ததும் அது காந்தத் தன்மை பெற்று முன்னும் பின்னும் தள்ளப்படுகிறது. கூம்பும் உடன் நகர்கிறது. மின்னோட்டம் விநாடிக்கு 400 தடவை முன்னும் பின்னுமாக முழு அலையாக அலைந்தால் கூம்பும் விநாடிக்கு 400 தடவை முன்னும் பின்னும் அசைந்து 400 ஹெர்ட்ஸ் அதிர்வெண் உள்ள ஒலியை எழுப்பும். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இருவர் 1925-இல் வெளியிட்ட ஆராய்ச்சியே இவ்வமைப்பை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. கணிப்பொறி தலைமுறை தலைமுறையாக மாறியும், அதன் அருகில் நிற்கும் ஒலிபெருக்கியின் உட்பொருள் நூறாண்டு கழிந்தும் அதிகம் மாறவில்லை என்பது வியப்பிற்குரியது.

கணிப்பொறியினுள் ஒலி என்பது வெறும் எண்களின் வரிசை. விநாடிக்கு 44,100 அல்லது 48,000 எண்கள் என்ற கணக்கில் அவை ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கப்பட்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் ஏற்ற மின்னழுத்தமாக மாற்றப்படுகின்றன. இம்மாற்றத்தின் முடிவில் பச்சைத் துளையில் கிடைப்பது ஏறத்தாழ 1 வோல்ட் அளவுள்ள மிக மெலிந்த மின் அலையே. பழுதான ரேடியோவிலிருந்து கழற்றிய 8 ஓம் ஒலிபெருக்கியை இத்துளையில் நேரே மாட்டிப் பார்த்து, முணுமுணுப்பு மட்டுமே கேட்டு ஏமாந்தவர்கள் பலர். கணக்கிட்டால் காரணம் விளங்கும். 1 வோல்ட்டை 8 ஓம் தடையின் மீது செலுத்தினால், எவ்வித இழப்பும் இல்லையென்று கொண்டாலும், கிடைக்கும் ஆற்றல் 1 வாட்டில் எட்டில் ஒரு பங்குதான். துளைக்குத் தனக்கென்று ஓர் உள் தடையும் இருப்பதால் அதிலும் பெரும் பகுதி கரைந்து விடுகிறது. ஆதலின் இடையில் ஆம்ப்ளிஃபையர் எனப்படும் பெருக்கி ஒன்று தேவை. கணிப்பொறிக்கென விற்கப்படும் ஒலிபெருக்கிகளுள் பெரும்பாலானவற்றில் இரண்டு பெட்டிகளில் ஒன்றனுள்ளேயே பெருக்கி பொருத்தப்பட்டிருக்கிறது. எந்தப் பெட்டியில் விசையும் ஒலிக் குமிழும் உள்ளனவோ அதுவே தலைமைப் பெட்டி. மற்றது அதனிடமிருந்து மின்சாரம் பெறும் துணைப்பெட்டி.

வாட் என்னும் மாயம்

கடையில் வாங்கச் செல்லும் ஆசிரியர் முதலில் காண்பது பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்ட எண்ணைத்தான். 1,000 வாட் என்றும் அதற்கு மேலும் போட்டிருப்பதுண்டு. அருகில் பி.எம்.பி.ஓ. என்ற நான்கு சிறு எழுத்துக்கள் நிற்கும். கண்ணிமைப்பதினும் குறைந்த நேரத்திற்கு, சேமிப்பில் உள்ள மின்னூட்டம் முழுவதும் ஒருசேர வெளிப்படுவதாகப் பாவித்து, அதையும் தயாரிப்பாளர் தமக்கு உவந்த முறையில் கணக்கிட்டு எழுதும் எண் அது. அதனால் ஒருவருக்கும் ஒரு சொல்லும் கூடுதலாகக் கேட்கப் போவதில்லை.

உண்மையை அறியப் பள்ளிக் கணக்கே போதும். ஒலிபெருக்கியுடன் வரும் அடாப்டரின் மீது, வெளிவரும் மின்னழுத்தமும் மின்னோட்டமும் பொறிக்கப்பட்டிருக்கும். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருப்பின் அதன் வழியே செல்லக் கூடிய ஆற்றல் 12 வாட். உள்ளே 12 வாட் மட்டுமே செல்லும் பெட்டியிலிருந்து 1,000 வாட் ஒலி தொடர்ந்து வெளிவருவது இயற்கை விதிகளுக்கு முரண். அடாப்டர் இன்றிக் கணிப்பொறியின் யு.எஸ்.பி. துளையிலிருந்தே மின்சாரம் பெறும் சிறிய ஜோடிகளை இதே கணக்கில் இன்னும் எளிதாக அளந்து விடலாம். யு.எஸ்.பி. 2.0 துளை தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர், பெருக்கினால் 2.5 வாட். பெட்டியின் மேல் எது எழுதியிருந்தாலும், இரண்டு ஒலிபெருக்கிகளும் அதனைத்தான் தமக்குள் பங்கிட்டுக் கொள்ளும். எட்டாம் வகுப்பு மாணவர்க்கு மின்னாற்றல் பாடம் நடத்துகையில் இதனினும் தக்க உதாரணம் கிடைப்பது அரிது. பெட்டியின் மேல் ஆர்.எம்.எஸ். என்று குறித்து ஒரு சிறிய எண் காணப்படுமாயின், தொடர்ந்து தரக் கூடிய ஆற்றல் அதுவே. அடாப்டரின் கணக்குக்கு அது பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குவது விவேகம்.

எனில், எத்தனை வாட் வேண்டும்? 1 வாட் செலுத்தியபோது 1 மீட்டர் தொலைவில் 85 டெசிபெல் ஒலி தரும் ஒலிபெருக்கியை எடுத்துக் கொள்வோம். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும் போதெல்லாம் ஒலியளவு 6 டெசிபெல் குறையும். ஆகவே 2 மீட்டரில் 79-ம், 4 மீட்டரில் 73-ம் கிடைக்கும். அறைக்குள்ளாயின் சுவர்கள் திருப்பியனுப்புவதும் சேர்ந்து சற்று மிகும். மின்விசிறி சுழலும் அறையில் பின்னணி இரைச்சல் 55 டெசிபெல் என்று கொண்டால், பேச்சு அதனைவிட 15 டெசிபெல் மிகுந்திருத்தல் வேண்டும் என்பது செவிப்புலன் நிபுணர்களின் கருத்து. 70 டெசிபெல் போதும் என்று ஆகிறது. அதாவது 4 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு 1 வாட்டே கணக்குப்படி போதுமானது! பேச்சினிடையே திடீரென உயரும் பகுதிகள் சிதையாதிருக்க இதனைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு இடம் விட்டு வைப்பது முறை. பெட்டிக்கு 5 வாட் வீதம் உண்மையான 10 வாட் கொண்ட ஜோடி ஒன்று, கூடத்தில் அமர்ந்த முப்பது பேருக்குத் தாராளமாகப் போதும். ஆற்றலை இரு மடங்காக்கினும் ஒலியளவு 3 டெசிபெல் மட்டுமே உயரும் என்பதையும், காதுக்கு இரு மடங்கு உரக்கத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும் என்பதையும் அறிந்தவர், 20 வாட்டுக்கும் 40 வாட்டுக்கும் இடையே விலை வேற்றுமையைக் கண்டு மயங்க மாட்டார். ஒலிபெருக்கியை இரண்டடி முன்னுக்கு நகர்த்துவது பல சமயங்களில் அதே பலனைச் செலவின்றித் தந்துவிடும்.

இன்னொரு விஷயமும் வாங்கும்போதே கருதற்பாலது. 2.1 என்று வழங்கும் வகையில் இரு சிறு பெட்டிகளுடன், தாழ்ந்த ஒலிகளுக்கென்றே சப்வூஃபர் எனப்படும் பெரிய பெட்டி ஒன்றும் வருகிறது. இசைக்கு அது இனிமை கூட்டும்; பாடத்திற்கு அத்துணைப் பயனில்லை. பேச்சில் பொருளை வேறுபடுத்துபவை பெரும்பாலும் மெய்யெழுத்துக்களின் ஒலிகள். கடை, தடை, படை, சடை என்னும் நான்கு சொற்களுக்கும் முதல் எழுத்தின் மெய் ஒன்றுதான் வேற்றுமை. உயிரொலிகள் உரத்தும் தாழ்ந்த அதிர்வெண்ணிலும் நிற்க, இம்மெய்யொலிகள் மெலிந்தும் கணநேரமும் ஒலிக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி தெளிவாக இருத்தல் அவசியம். தாழ்ந்த ஒலியை அளவு கடந்து கூட்டினால், அறை அதிரும், ஆனால் சொல் விளங்காது. வீட்டில் 2.1 வகை இருக்குமாயின், பாடம் கேட்கும்போது பேஸ் என்று குறித்த குமிழைப் பாதிக்குக் கீழ் திருப்பி வைத்தல் நன்று.

இணைக்கும் முறை

மேசைக் கணிப்பொறியின் முதுகில் ஒரே அளவுள்ள வட்டத் துளைகள் பல உள்ளன. 1990-களின் இறுதியில் வகுக்கப்பட்ட நிற மரபின்படி எலுமிச்சைப் பச்சை ஒலிபெருக்கிக்கும், இளஞ்சிவப்பு ஒலிவாங்கிக்கும், வெளிர்நீலம் வெளிக்கருவியிலிருந்து ஒலியை உள்ளே ஏற்பதற்கும் உரியவை. மடிக் கணிப்பொறியில் பெரும்பாலும் ஒரே துளைதான். தலையணி ஒலிபெருக்கியின் படம் அதனருகில் பொறிக்கப்பட்டிருக்கும். ஒலிவாங்கியும் அதே துளையில் சேர்ந்திருப்பினும், சாதாரண ஒலிபெருக்கியின் பிளக் அதில் தடையின்றிப் பொருந்தி வேலை செய்யும்.

இப்பிளக்கின் விட்டம் 3.5 மில்லிமீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொலைபேசி நிலையங்களில் இணைப்பாளர்கள் கையாண்ட கால் அங்குலப் பிளக்கின் குறுகிய வடிவமே இது. கூர்ந்து நோக்கினால் உலோகத் தண்டின் மீது இரு கறுப்பு வளையங்கள் தெரியும். அவை தண்டினை மூன்றாகப் பிரிக்கின்றன. நுனி இடப்பக்க ஒலிக்கும், நடு வளையம் வலப்பக்க ஒலிக்கும், அடிப்பகுதி இரண்டிற்கும் பொதுவான திரும்பும் வழிக்கும் உரியன. இதனை அறிந்து வைத்திருப்பின் ஒரு விசித்திரமான கோளாற்றின் காரணம் எளிதில் புலப்படும். சில வேளைகளில் பாட்டின் வாத்தியங்கள் மட்டும் கேட்க, பாடுபவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத் தேய்ந்து விடுகிறது. பாடமாயின் ஆசிரியரின் பேச்சு மறைந்து பின்னணி இசை மட்டும் நிற்கிறது. பதிவே பழுது என்று எண்ணி வேறு படத்தைத் தேடுபவர் உண்டு. உண்மையில் பிளக் முழுவதும் உள்ளே செல்லாததாலோ, அதன் கம்பி அறுந்ததாலோ பொதுவழி துண்டிக்கப்பட்டிருக்கிறது. அப்போது ஒலிபெருக்கிக்குக் கிட்டுவது இடப்பக்க ஒலிக்கும் வலப்பக்க ஒலிக்கும் உள்ள வித்தியாசமே. பேச்சு இரு பக்கமும் சமமாகப் பதிவு செய்யப்படுவதால், கழித்தலில் அது பூஜ்யமாகி விடுகிறது. பிளக்கை ‘டக்’கென்று ஒலி கேட்கும் வரை அழுத்திச் செருகினால் பெரும்பாலும் குரல் திரும்பி வந்துவிடும்.

இணைக்கத் தொடங்குமுன் ஒலிபெருக்கியின் விசையை அணைத்து, குமிழை மிகத் தாழ்த்தி வைத்தல் வேண்டும். முதலில் துணைப் பெட்டியைத் தலைமைப் பெட்டியுடனும், அடுத்துப் பச்சைப் பிளக்கைக் கணிப்பொறியுடனும், கடைசியில் அடாப்டரை மின்சாரத்துடனும் இணைப்பது முறை. கணிப்பொறி முழுவதும் விழித்த பின்னரே ஒலிபெருக்கியின் விசையைப் போட வேண்டும். அணைக்கும்போது ஒலிபெருக்கியை முதலில் அணைக்க வேண்டும். கணிப்பொறி விழிக்கும் தறுவாயிலும் அணையும் தறுவாயிலும் துளையில் எழும் மின்துடிப்பு, பெருக்கியால் பன்மடங்காகிக் கூம்பினை ‘தொம்’மென்று அறைவதைத் தவிர்க்கவே இந்த வரிசை.

ஒலியளவைக் கூட்டும் இடங்கள் மூன்று உள்ளன: படம் ஓடும் செயலியில் ஒன்று, கணிப்பொறியில் ஒன்று, ஒலிபெருக்கியின் குமிழ் ஒன்று. முதலிரண்டையும் முக்கால் பங்கிற்குக் குறையாமல் உயர்த்தி நிறுத்திவிட்டு, வேண்டிய அளவைக் குமிழினால் திருத்திக் கொள்வது நல்லது. மாறாகக் கணிப்பொறியில் தாழ்த்திவிட்டுக் குமிழை முழுவதும் திருப்பினால், மெலிந்த ஒலியுடன் பெருக்கியின் சொந்த இரைச்சலும் சேர்ந்து பெருகி ‘உஸ்’ஸென்று கேட்கும்.

எல்லாம் சரியாக மாட்டியும் ஒலி எழவில்லையாயின், கணிப்பொறி ஒலியை வேறு வழியில் அனுப்பிக் கொண்டிருக்கலாம். எச்.டி.எம்.ஐ. கம்பி வழியே திரையோ புரொஜெக்டரோ இணைக்கப்பட்டதும் ஒலியையும் அக்கம்பி வழியே அனுப்பிவிடும் பழக்கம் பல கணிப்பொறிகளுக்கு உண்டு. விண்டோஸில் செட்டிங்ஸ் பகுதியின் சிஸ்டம், அதனுள் சவுண்ட் என்ற இடத்தில், ஒலி வெளியேற வேண்டிய கருவியைத் தேர்ந்து கொடுக்கலாம். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் முதலிய லினக்ஸ் அமைப்புகளிலும் இத்தகைய தேர்வு உண்டு. ஒலிபெருக்கிப் படத்தின் மேல் குறுக்குக் கோடோ பெருக்கற் குறியோ விழுந்திருந்தால் ஒலி அடக்கப்பட்டிருக்கிறது என்பது பொருள். அதனை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு கம்பிகளைச் சோதிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இரு பெட்டிகளுள் ஒன்று பழுதாகி ஒன்றே எஞ்சியிருக்கும் வீடுகள் உண்டு. அந்நிலையில், சில மொழிப் பாடங்களில் வினா ஒரு பக்கத்திலும் விடை மறுபக்கத்திலும் பதிவாகியிருப்பின் பாதி உரையாடல் மறைந்து போகும். விண்டோஸின் அக்சஸிபிலிட்டி பகுதியில் மோனோ ஆடியோ என்னும் ஏற்பாடு இருக்கிறது. அதனை இயக்கினால் இரு பக்க ஒலியும் ஒன்றாகக் கலந்து எஞ்சிய பெட்டியில் ஒலிக்கும். ஒரு காது மட்டுமே கேட்கும் மாணவர் தலையணி வழியே பாடம் கேட்கையிலும் இவ்வேற்பாடு பெரிதும் உதவும்.

புளூடூத் வழியே கம்பியின்றி இணைக்கும் பெட்டிகள் வெளியூர் செல்லும் ஊழியருக்குச் சௌகரியமானவை. மின்தடையிலும் தம் மின்கலத்தில் இயங்கும். ஆனால் ஒலியைச் சுருக்கி அனுப்பி மறுபடி விரிப்பதில் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை தாமதம் நேரலாம். ஒலி அந்நேரத்தில் காற்றில் ஏறத்தாழ 68 மீட்டர் சென்றுவிடும். அதாவது பேசுபவர் ஒரு நீண்ட மைதானத்தின் கோடியில் நிற்பது போன்ற பிரிவு உதட்டசைவுக்கும் ஒலிக்கும் இடையே உண்டாகிறது. படம் ஓட்டும் செயலிகளுள் பல, படத்தையும் அவ்வளவு தாமதித்து இதனைச் சரிக்கட்டி விடுகின்றன. எல்லாச் செயலிகளும் அவ்வாறு செய்வதில்லை. உச்சரிப்புப் பாடத்திற்கும், வாயசைவைப் பார்த்தே பாதி புரிந்து கொள்ளும் செவிக்குறையுடைய பிள்ளைகளுக்கும் கம்பி இணைப்பே மேல்.

இரைச்சல்

ஒலிபெருக்கியை இணைத்ததும் ‘ம்ம்’ என்று இடையறாத முரலல் கேட்குமாயின், அதன் மூலம் வீட்டு மின்சாரமே. இந்திய மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. அதன் சாயலும், அதன் இரு மடங்கான 100 ஹெர்ட்ஸும் ஒலிக்கம்பியில் ஏறிவிடுகின்றன. மடிக் கணிப்பொறியாயின் சோதனை மிக எளிது: சார்ஜரைக் கழற்றி மின்கலத்தில் மட்டும் ஓடச் செய்தல் வேண்டும். முரலல் நின்றுவிட்டால், கணிப்பொறியும் ஒலிபெருக்கியும் வெவ்வேறு இடங்களில் எர்த் இணைப்புப் பெற்று, அவற்றிடையே ஒரு வளையம் ஏற்பட்டிருக்கிறது என்று அறியலாம். இரண்டையும் ஒரே பலமுனைப் பலகையிலிருந்து இயக்கினால் பெரும்பாலும் குறையும். குறையாவிடில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்ற பெயரில், சிறு மின்மாற்றிகள் அடங்கிய பெட்டி ஒன்று கடைகளில் கிடைக்கும்; அதனை ஒலிக்கம்பியின் இடையில் சேர்த்தால் நின்றுவிடும்.

மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை ஒடித்து விட்டாலும் முரலல் நிற்கும் என்று சிலர் யோசனை கூறுவதுண்டு. நிற்கும் என்பது மெய். கருவியினுள் மின்கசிவு நேர்ந்தால் அதன் உலோக உடல் 230 வோல்ட்டுடன் காத்திருக்கும் என்பதும் மெய். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்கும் குழந்தை அதனைத் தொடக் கூடும். எந்தச் சூழ்நிலையிலும் எர்த் முனையை நீக்குதல் கூடாது.

முரலல் இன்றி ‘டிக் டிக் டிர்ர்’ என்று விட்டுவிட்டு வரும் ஒலிக்குக் காரணம் பக்கத்தில் கிடக்கும் கைபேசி. பழைய இரண்டாம் தலைமுறை அலைவரிசையில் இயங்கும் பேசி, அழைப்பு வருமுன் துடிப்பு துடிப்பாக அலை அனுப்ப, பெருக்கி அதனைப் பிடித்துக் கொள்கிறது. பேசியை ஒரு முழம் தள்ளி வைத்தால் தீர்ந்தது.

வைக்கும் இடம்

ஒருவர் மட்டும் கேட்பதாயின், இரு பெட்டிகளும் கேட்பவரின் தலையும் ஒரு சமபக்க முக்கோணத்தின் முனைகளாக அமைய, பெட்டிகள் காதின் உயரத்தில் சற்றே உள்நோக்கித் திரும்பியிருப்பது சிறப்பு. கூட்டத்திற்கு இவ்விதி செல்லாது. தரையில் பாய் விரித்து அமர்ந்த பிள்ளைகளின் முன்னே பெட்டியையும் தரையிலேயே வைத்தால், முதல் வரிசையின் உடல்களும் தலைகளும் மெல்லிய மெய்யொலிகளை மறைத்துவிடும். எல்லாத் தலைகளுக்கும் மேலே, ஸ்டூலின் மீதோ அலமாரியின் மீதோ வைத்து, முகத்தைக் கடைசி வரிசையை நோக்கித் திருப்ப வேண்டும். சுவர் மூலையில் ஒதுக்கி வைத்தால் தாழ்ந்த ஒலி மிகுந்து பேச்சு குழம்பும். மூலையிலிருந்து இரண்டடியாவது விலக்குவது நலம். இரு பெட்டிகளுள் ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் வைப்பது சமமாகப் பங்கிடுவது போலத் தோன்றினும், பேசுபவர் எத்திசையில் இருக்கிறார் என்ற மயக்கத்தையே அது உண்டாக்கும்.

சிமெண்டுத் தரையும் வெற்றுச் சுவருமாக உள்ள கூடத்தில் ஒவ்வொரு சொல்லும் பலமுறை எதிரொலித்து அடுத்த சொல்லின் மீது விழுகிறது. அங்கே ஒலியைக் கூட்டக் கூட்ட எதிரொலியும் கூடுமேயன்றித் தெளிவு பிறவாது. தரையில் ஜமுக்காளம் விரிப்பதும், எதிர்ச்சுவரில் கனத்த துணி ஒன்றைத் தொங்க விடுவதும், பெட்டியைக் கேட்பவர்க்கு அருகே கொணர்வதும் குமிழைத் திருப்புவதினும் பயன் தரும். ஆட்கள் நிறைந்ததும் எதிரொலி தானே குறையும். மனித உடலும் உடையும் ஒலியை நன்கு உறிஞ்சுபவை. ஆகையால் வெற்றுக் கூடத்தில் முன்கூட்டிச் சரிபார்த்த அளவைக் கூட்டம் சேர்ந்த பின் மீண்டும் ஒருமுறை திருத்தியாக வேண்டும்.

இருவழி உரையாடலாயின் ஒலிவாங்கியைப் பற்றியும் எண்ணுதல் வேண்டும். ஒலிபெருக்கியின் ஒலி ஒலிவாங்கியில் புகுந்து எதிர்முனைக்குச் சென்றால், அங்குள்ளவர் தம் சொல்லைத் தாமே மறுபடி கேட்டுத் தடுமாறுவார். ஒரே அறையில் இரு கணிப்பொறிகள் அதே வகுப்பில் சேர்ந்திருப்பின் காதைப் பிளக்கும் ஊளை எழும். ஒலிபெருக்கியின் பின்பக்கமாக ஒலிவாங்கியை வைத்து, பேசாத நேரத்தில் அதனை அடக்கி வைப்பதே எளிய பரிகாரம்.

வயது வந்தோர் வாரத்தில் 40 மணி நேரத்திற்கு 80 டெசிபெல்லுக்கு மேலும், குழந்தைகள் 75 டெசிபெல்லுக்கு மேலும் கேட்பது செவிக்குத் தீங்கு என்பது உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த அளவு. ஒலிபெருக்கியின் அருகே அமரும் முதல் வரிசைப் பிள்ளைகளுக்கு இது முக்கியம். பெட்டியை உயர்த்தி வைப்பதால் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் உள்ள தொலைவு வேற்றுமை குறைந்து, இருவருக்கும் ஏறத்தாழ ஒத்த அளவில் கேட்பது இதற்கும் நல்ல ஏற்பாடாக அமைகிறது.

பராமரிப்பில் அதிகம் இல்லை. அடாப்டர் தொலைந்தால் வேறொன்றை மாட்டுமுன் வோல்ட் அளவும், நேர் எதிர் முனைகளின் அமைப்பும் பழையதை ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தல் அவசியம். ஆம்பியர் அளவு பழையதற்குச் சமமாகவோ மிகுந்தோ இருக்கலாம், குறையலாகாது. குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால் உள்ளே தூசு படிந்திருக்கிறது. மின்சாரத்தை அணைத்துவிட்டு இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் திருப்பினால் பெரும்பாலும் தெளியும். ஒலி விட்டுவிட்டு வருமாயின் கம்பி பிளக்கினுள் நுழையும் இடத்தை மெல்ல வளைத்துப் பார்த்தல் வேண்டும். பிளக்கைப் பிடித்து இழுக்காமல் கம்பியைப் பிடித்து இழுக்கும் வீடுகளில் முதலில் அறுவது அவ்விடம்தான். அதற்காகப் புது ஒலிபெருக்கி வாங்க வேண்டுவதில்லை, ரேடியோ ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்து ஒரு பிளக் மாற்றிக் கொண்டால் போதும்.